வேண்டாத ஓட்டம்

ஜூன் 9, திங்கள்

திட்டுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த டயரி. இல்லாவிட்டால் நாற்பத்தேழு வயதில் நான் ஏன் டயரி எழுதப் போகிறேன்?

சிப்பித்துறை. ஒரு கோபுரம், அதன் உச்சியில் சுற்றிக்கொண்டிருக்கும் ரேடார், அதற்குச் சற்றுக் கீழே ஓர் அறை, அறையில் நான். ஊர் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. குழாயில் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கிறது. காப்பி சுமார்.

வேலை இதுதான். ரேடார் கடலைப் பார்க்கும்போது படகு மட்டும் தெரியாது, அலையும் தெரியும். காற்று பலமானால் திரை முழுக்கப் பொய்ப் புள்ளிகள். துறையில் கிளட்டர் என்பார்கள், நான் குப்பை என்பேன். அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு, சின்னப் படகை மட்டும் விட்டுவைக்கிற வடிகட்டி ஒன்றைப் பல வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கடல் மோசமாக இருக்கிற இந்த மாதத்தில் அது வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டால், கரையோரக் கோபுரங்கள் எல்லாவற்றிலும் அதையே போட்டுவிடுவார்கள். பெங்களூரில் என் மேலதிகாரி ராமபத்ரன் ஏற்கனவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

சோதனைக்கு அமர்த்தியிருக்கும் படகுக்காரர் வந்தார். ரெமிஜியூஸ். ஐம்பத்தைந்து இருக்கும். கூட அவர் மச்சினன் சிலுவை, வாயே திறக்காத ஆள். பைபர் வள்ளம், ஒற்றை எஞ்சின். நான் சொல்கிற இடத்துக்குப் போகவேண்டும், சொல்கிறபடி ஓட்டவோ நிற்கவோ வேண்டும், கையில் கொடுக்கிற வயர்லெஸ்ஸில் பதில் சொல்லவேண்டும்.

"அம்புட்டுதானா மேடம்? மீனு?"

"மீன் வேண்டாம்."

"மீனு வேண்டாம்னு கடலுக்கு ஒரு பாடா!" என்று சிலுவையைப் பார்த்துச் சிரித்தார்.

ரேடாரில் எப்படித் தெரியும் என்று கேட்டார். தகரம், இரும்பு என்றால் பளிச்சென்று தெரியும், பைபரும் மரமும் சரியாகத் தெரியாது, அதைத் தெரியவைப்பதுதான் என் வேலை என்றேன்.

"தெரியலன்னா?"

"எனக்குத் திட்டு விழும்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சிலிண்டர் தீர்ந்தது. இன்று முழுவதும் பன்.

ஜூன் 13, வெள்ளி

முதல் ஓட்டம். காற்று மிதம். வள்ளம் போன இடமெல்லாம் திரையில் அழகாகப் புள்ளி வந்தது. நல்ல சகுனம் என்று ராமபத்ரன் போனில் குதித்தார். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை, எண்ணில்தான். எண்ணும் நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று அசல் கச்சான். வடிகட்டி போடாமல் பார்த்தால் திரையில் கடுகு தாளித்த மாதிரி இருந்தது. போட்டேன். துடைத்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு புள்ளி, ரெமிஜியூஸ்.

நம்பாமல் இன்னும் கடினமாகச் சோதித்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு சும்மா மிதக்கச் சொன்னேன். எல்லா வடிகட்டியும் கோட்டைவிடுகிற இடம் அதுதான். ஓடுகிற படகு அலையை மீறி ஓடும், கண்டுபிடிக்கலாம். நிற்கிற படகு அலையோடு அலையாக ஆடும். அப்போதும் புள்ளி அப்படியே நின்றது. அறைக்குள் தனியாகக் கை தட்டினேன். நான் கெட்டிக்காரிதான். அதைச் சொல்ல இங்கே வேறு யாரும் இல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

வயர்லெஸ்ஸின் தரத்தையும் பதிவு செய்வது நல்லது என்று தோன்றியதால் கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மகள் சார்ஜாவில் நர்ஸாம். மனைவி ஃபிலோமினாவுக்கு முட்டிவலியாம், ஆனாலும் கோயில் வேலை என்றால் ஓடுவாளாம். என்னைப் பற்றிக் கேட்டார். "ஈரோடு பக்கம்" என்றேன். "வீட்டுல?" என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

மழை. ஓட்டம் இல்லை. மாலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றேன். குரல் கரகரத்தது. காலையிலிருந்து அதுதான் முதல் பேச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 21, சனி

ராமபத்ரன் பேசினார். "பிரமாதம் இந்திராணி! இருக்கிற டேட்டாவே போதும். மூட்டையைக் கட்டுங்க."

பெங்களூர் வீட்டை நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது மாடி. பூட்டியிருக்கிறது. நான் போய்த் திறந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"பலத்த காற்றில் இன்னும் ஒரு வாரம் வேணும் சார்" என்றேன்.

"எதுக்கு? எல்லா நிலையும் வந்துடுச்சே."

"காற்று சாய்வாக வரும்போது பார்க்கலை."

பார்த்தாகிவிட்டது. பதினாறாம் தேதியே பார்த்தேன். ஆனால் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதில் தப்பில்லை. விஞ்ஞானம் என்றாலே அதுதானே.

ஜூன் 23, திங்கள்

சாய்ந்த காற்று ஓட்டம்.

"போன வாரம் போன அதே எடந்தான மேடம்?"

"திசை கொஞ்சம் வேற."

"சரி சரி."

அவர் போய் நின்றதும், பால்காரர் நேற்றுச் சொன்ன இறால் தொக்கை எப்படிச் செய்வது என்று கேட்டேன். பூண்டு எவ்வளவு என்பதில் சிலுவை வாயைத் திறந்து அவரை மறுத்தான். காற்றின் இரைச்சலுக்குள் இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதிவுக்கு: புள்ளி தெளிவு.

ஜூன் 25, புதன்

ஃபிலோமினா தானே கோபுரம் ஏறி வந்துவிட்டார், முட்டிவலியோடு. தூக்குவாளியில் விளமீன் குழம்பு. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. திரையை அவர் பார்க்கவே இல்லை.

"தனியாவா மேடம் கெடக்கிய?"

"வேலைக்கு வந்திருக்கேன். இங்கே கூட்டம் எதுக்கு?"

"அதுக்கில்ல…" என்றார், தூக்குவாளியை மேஜையில் வைத்துக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. யாரோ நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி. குழம்பு மிக நன்றாக இருந்தது. வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

செவ்வாயன்று பெரிய அதிகாரிகள் வந்து பார்க்கிறார்களாம், அதோடு சோதனை முடிகிறது. "திரை பளிச்சுனு இருக்கணும், ஒரு தூசி இருக்கக் கூடாது" என்று ராமபத்ரன் சொல்லிவிட்டார். ஆக, இனி ஓட்டம் இல்லை.

யோசித்துப் பார்த்தால், தூரத்தில் ஓர் ஓட்டம் பாக்கியிருக்கிறது. மற்ற தூரங்களில் வந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்றாலும், நேரில் எடுத்த எண்ணுக்கு ஈடாகாது. ரெமிஜியூஸைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கா? ஞாயித்துக்கெழம இராயப்பர் திருநாளு மேடம். ஊரே அசன விருந்துக்கு ஆக்கிட்டுக் கெடக்கு. ஒரு வள்ளமும் எறங்காது." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் ஃபிலோமினா ஏதோ சொல்வது கேட்டது. "சரி மேடம். காலையில ஒரு நடை போயிட்டு வந்துருதேன்."

காற்று எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் பதினாறாம் தேதியும் இப்படித்தான் இருந்தது.

ஜூன் 28, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன், வரிசையாக.

காலையில் ரெமிஜியூஸ் தனியாக இறங்கினார். சிலுவை அசனத்துக்கு விறகு பிளக்கப் போய்விட்டான். துணையில்லாமல் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே புள்ளி மங்கலாக விட்டு விட்டு வந்தது. தூரம் காரணம் என்று நினைத்தேன். அந்தத் தூரத்தில் இதுவரை அப்படி வந்ததே இல்லை, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

சொன்ன இடம் நெருங்கும்போது அவர் குரல் வந்தது. "மேடம், எஞ்சின் ஒரு மாதிரி இருமுது. பாத்துட்டுச் சொல்லுதேன்."

அதோடு சரி. அடுத்த சுற்றில் புள்ளி இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வயர்லெஸ்ஸில் காற்றுகூட வரவில்லை. திரை, ராமபத்ரன் ஆசைப்பட்டபடி, ஒரு தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

தகவல் சொல்லவேண்டிய இடங்களுக்கெல்லாம் சொன்னேன். கடலோரக் காவல்படைக் கப்பல் உடனே கிளம்பியது, ஆனால் வந்து சேர இருட்டிவிடும் என்றார்கள். ஊருக்குப் போன் செய்தேன். சிலுவையும் இன்னும் மூன்று பேரும் வயர்லெஸ் உள்ள இரண்டு வள்ளங்களைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஃபிலோமினா நேராகக் கோபுரத்துக்கு வந்தார். சேலையில் மஞ்சளும் அரிசி மாவும். மூச்சு வாங்க நின்று, முதல்முறையாகத் திரையைப் பார்த்தார்.

"இதுல அவரு எங்க?"

"தெரியலை."

"அண்டா இல்லாததாலயா மேடம்?"

எனக்குப் புரியவில்லை. எந்த அண்டா என்றேன்.

"பெரிய அலுமினிய அண்டா. தெனமும் கரையத் தாண்டினதும் வள்ளத்து முன்னால அணியத்துல நிமித்திக் கெட்டிருவாரு. தகரம்னாத் தெரியும், தெரியலன்னா மேடத்துக்குத் திட்டு விழும்னு சொன்னியளாம்லா. பாவம், தனியா வந்து கெடக்குது, நம்மளால திட்டு வாங்கக் கூடாதுன்னு அவருதான்… நாளைக்கு அசனத்துக்குச் சோறு வடிக்க அண்டாவ இன்னைக்கே எடுத்துட்டோம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் என் வடிகட்டி பார்த்தது அண்டாவை. எண்கள், கைதட்டல், பிரமாதம் எல்லாம் அண்டாவுக்கு. வெறும் பைபர் வள்ளத்தை அது ஒருநாளும் பார்த்ததில்லை. எஞ்சின் ஓடும்வரை ஏதோ கொஞ்சம் தெரியும். எஞ்சின் நின்றால் வள்ளம் அலையோடு ஆடும், நான் எழுதிய வடிகட்டி அதையும் அலை என்று கூட்டித் தள்ளிவிடும். உதவி தேவையில்லாதவனைக் காட்டிவிட்டு, தேவைப்படுகிறவனைத் துடைத்துவிடுகிற ஒரு சாதனத்தைத்தான் கரை முழுக்க மாட்டப் போனேன்.

வடிகட்டியை அணைத்தேன். திரை முழுக்கப் புள்ளிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. ஃபிலோமினா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுல எங்கயோ இருக்கார்" என்றேன். "தேடலாம்."

செய்ததை எளிமையாக எழுதி வைக்கிறேன். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அலையும் படகும் ஒன்றுதான். ஆனால் அலை எழும், உடையும், அடுத்த சுற்றில் வேறு இடத்தில் இருக்கும். படகு இருந்துகொண்டே இருக்கும், மெல்ல ஒதுங்கிக்கொண்டு. ஆக, காலையிலிருந்து வடிகட்டாமலே பதிவான படங்களை எல்லாம், படகு ஒதுங்கியிருக்கக்கூடிய வேகத்துக்குத் தக்கபடி நகர்த்தி நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். சரியாக நகர்த்தினால் படகு மட்டும் சேர்ந்து சேர்ந்து கனமாகும், அலை கரைந்துபோகும். கொஞ்சம் பிசகினாலும் படகும் அலையோடு கரையும்.

அடுக்கினேன். வடகிழக்கே ஒன்று திரண்டது. சிலுவைக்குச் சொன்னேன். இரண்டு வள்ளமும் அலையில் அடிபட்டுக்கொண்டு அங்கே போயின. வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"அறுந்த வலையோட மெதப்பு மேடம். தெர்மாக்கோலு. அவரு இல்ல."

ஃபிலோமினா அழவில்லை. தரையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் சரிந்துகொண்டிருந்தது. சிலுவைக்கு எண்ணெய் இன்னும் ஒரு இடத்துக்குப் போய்த் திரும்பத்தான் காணும். இரண்டாவது தடவையும் தவறாகச் சொன்னால் அவ்வளவுதான்.

"எஞ்சின் நின்னா அவர் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"நங்கூரத்த எறக்கிருவாரு. அவ்வளவு ஆழத்துல தரை தட்டாது. சும்மா தொங்கிக்கிட்டுக் கெடக்கும்."

நங்கூரமும் கயிறும் தொங்கினால் வள்ளம் அவ்வளவு வேகமாக ஒதுங்காது. நான் சும்மா மிதக்கிற படகுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். வேகத்தைக் குறைத்து மறுபடி அடுக்கினேன். ஒன்றும் இல்லை. இன்னும் குறைத்தேன். ஒன்றும் இல்லை. திசையைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினேன். ஒரு கறை வந்தது. புள்ளி என்று சொல்லமுடியாது. வேறு நாளாக இருந்தால் நானே அதைக் குப்பை என்று தள்ளியிருப்பேன்.

ஃபிலோமினா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவருதானா?"

"தெரியலை" என்றேன். "ஆனா வேற எதுவும் இல்லை."

சிலுவைக்கு இடத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு மைக்கை மேஜையில் வைக்கமுடியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். கடவுளைக் கும்பிட்டு வருஷங்களாகிறது. இன்று கும்பிட்டேன், எந்தக் கடவுள் என்று பார்க்காமல். ஃபிலோமினா வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிடி என் தோளில் வலித்தது. விடச் சொல்ல மனம் வரவில்லை.

சூரியன் மறையும் நேரத்தில் சிலுவை கத்தினான். இத்தனை நாளும் பேசாத ஆள் கத்திய கத்தில் வயர்லெஸ் அதிர்ந்தது.

"இருக்காரு! எக்கா, அத்தான் இருக்காரு! வள்ளத்துல பாதித் தண்ணி. கோரிக்கிட்டு இருக்காரு!"

அதற்குப் பிறகு நடந்தது சரியாக நினைவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

ஊரில் வெடிச்சத்தம், கொட்டு. அசனத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். தலைவலி என்றேன். எந்த முகத்தோடு போவது?

ராமபத்ரனுக்குப் போன் செய்து, டேட்டா அத்தனையும் செல்லாது என்றேன். அண்டா கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "இது யாருக்கும் தெரியவேண்டாமே" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

"அப்படின்னா செவ்வாய்க்கிழமை கிடையாது. முதல்லேருந்து எல்லாம். அடுத்த மாசமும் அங்கேதான் இருக்கணும், யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றேன். யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான் மனசு லேசானது.

ஜூன் 30, திங்கள்

ரெமிஜியூஸும் ஃபிலோமினாவும் வந்தார்கள். ரெமிஜியூஸின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது, தண்ணீர் கோரியதில். ஓர் அலை மேலே ஏறியதில் வயர்லெஸ் தண்ணீரோடு போய்விட்டதாம். அதற்கு மன்னிப்புக் கேட்டார். அண்டாவுக்கும் மன்னிப்புக் கேட்டார்.

"ஒங்களுக்கு நல்லது செய்யதா நெனச்சு வேலையக் கெடுத்துட்டேன் மேடம்."

இதற்குமேல் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "சனிக்கிழமை ஓட்டம் தேவையே இல்லை" என்றேன். "அதுக்கு முந்தின திங்கக்கிழமை ஓட்டமும் தேவையில்லை. வேலை எப்பவோ முடிஞ்சுபோச்சு. நான்தான் சும்மா கூப்பிட்டேன்."

ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ரெமிஜியூஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மேடம்" என்றார். "எறாத் தொக்குக்கு எவ்வளவு பூண்டுன்னு எந்த மெசினு கேக்கும்?"

"தெரிஞ்சுமா போனீங்க? அந்தக் காத்துல?"

"நாந்தான் போகச் சொன்னேன்" என்றார் ஃபிலோமினா. "பேச ஆளில்லாம கூப்பிடுதாவ, ஒரு நடை போயிட்டு வாரும்னு வெள்ளிக்கெழம நாந்தான் சொன்னேன்." அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. கோபமும் இருந்தது அதில், இருக்கவேண்டியதுதான். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். மேடம், ஒங்களுக்குப் பேசணும்னா வீட்டுக்கு வாங்க. அவரக் கடலுக்கு அனுப்பாதிய."

நான் தலையாட்டினேன்.

"எப்ப வரட்டும்?"

"இப்ப என்ன வேல கெடக்கு ஒங்களுக்கு?"

ஒரு வேலையும் இல்லை. திரையை அப்படியே ஓடவிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். முட்டிவலிக்காரருக்குப் படியில் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.